ரெண்டு ஜாங்கிரி

மழையோடு மாடி ஏறி வந்தான் தனவேலு.
சட்டைப்பையில் ஒரு பிளாஸ்டிக் கவர், கவருக்குள் இன்னொரு கவர்,
அதற்குள் தபால்தலை அளவில் ஒரு கார்டு.
"அக்கா, ஃபார்மட் ஆயிடுச்சு."

லாரன்ஸ் ரோட்டில் கடை போட்டு ஒன்பது வருஷம்.
"பண்ணிட்டேன்" என்று இதுவரை ஒருவரும் சொன்னதில்லை.
எல்லாம் தானாகவே ஆகிவிடுகிறது.

"அப்புறம் அதுல ஏதாவது எடுத்தியா?"
ஜன்னலைப் பார்த்தான். கெடிலத்தில் தண்ணீர் ஏறுவதாகச் சொன்னான்.
பிறகு, "ஒரு காதுகுத்து. இருபத்திரண்டு நிமிஷம்தான்."

பக்கவாட்டுப் பூட்டைத் தள்ளி, நகல் எடுத்து,
அசலைக் காகிதத்தில் மடித்து இழுப்பறையில் வைத்தேன்.
கார்டுக்கு அழிக்கத் தெரியாது.
வாசலில் இருக்கும் நம்பர் பலகையைக் கழற்றிவிட்டு
இங்கே யாரும் இல்லை என்று சொல்லும், அவ்வளவுதான்.
ஆட்கள் உள்ளேயே இருப்பார்கள், விளக்கை அணைத்துக்கொண்டு,
புதிதாக யாராவது குடிவரும்வரை.

முகூர்த்தம் இருந்த வீடுகளில்
காதுகுத்து குடிவந்துவிட்டது.
மாலை மாற்றியது இல்லை. தாலி இல்லை.
கெட்டிமேளம் கேட்க வேண்டிய இடத்தில்
யாரோ ஒரு தாய்மாமன் மடியில்
யாரோ ஒரு குழந்தை வீறிடுகிறது.

அதற்குப் பிறகு எடுத்தவை பிழைத்திருந்தன,
ஆனால் ஓடவில்லை. தலை இல்லை.
எத்தனை பிரேம், என்ன அளவு, சத்தம் எங்கே என்று
குறித்துவைத்திருக்கும் துண்டு அது.
அதே கேமராவில் எடுத்த நல்ல கோப்பு ஒன்றின் தலையை
வாங்கிப் பொருத்தினால் எழுந்துவிடும்.
பிள்ளையாருக்குச் செய்ததுதான்.
எனக்கு அகப்பட்ட யானை அந்தக் காதுகுத்து.

ராத்திரி ரெண்டு மணி. கரண்ட் போய் யுபிஎஸ் கீச்சிட்டது.
மழை விட்ட இடைவெளியில் தெற்கேயிருந்து சிப்காட் வாடை.
மேடையேறிய நாற்பது பேர், ஆளுக்கொரு மொய்க்கவர்,
"இந்தப் பக்கம் பாருங்க சார்" என்று தனவேலுவின் குரல்.
பதினேழாவது கோப்பு மட்டும் வேறு மாதிரி.
அணைக்க மறந்து பந்தி மேஜையில் வைத்த கேமரா.
வேஸ்ட் என்று மண்டபத்திலேயே அழித்துவிட்டானாம்.

மறுநாள் தீபலட்சுமி வந்தாள், கணவனோடு.
சொல்ல வேண்டிய மன்னிப்பை ஒத்திகை பார்த்து வந்த தனவேலு
செருப்புகளுக்கு நடுவிலேயே நின்றுவிட்டான்.

சாய்ந்த மேஜை. பரிமாறி முடித்த இலை. காலி நாற்காலி.
தண்ணீர் பாட்டிலின் இடுப்பு மட்டும்.
இடப்பக்கமிருந்து ஒரு கை வருகிறது,
மடித்துவிட்ட முழுக்கைச் சட்டை,
மணிக்கட்டில் வெந்து வெளுத்த தழும்பு.
இலையிலிருந்த ஜாங்கிரிக்குப் பக்கத்தில் இன்னொன்றை வைக்கிறது.
சரிந்திருந்த அப்பளத்தை நேராக்குகிறது.
போய்விடுகிறது.
கொஞ்ச நேரம் இலைமேல் ஈ.
பிறகு பட்டு சரசரக்க இவள் வந்து உட்கார்கிறாள்,
ரெண்டையும் சாப்பிடுகிறாள்.

"உங்க கையா?" என்று கணவனைக் கேட்டேன்.
"எனக்குத் தழும்பு ஏது?"

திரும்பப் போடச் சொன்னாள். மறுபடி. மறுபடி.
"சமையல்காரர் வச்சதுன்னு இருந்தேன்" என்றாள்.
"அண்ணன் வரவே இல்லைன்னுதான் சொன்னாங்க."
முதுநகரில் விசைப்படகு எஞ்சின் சுட்ட தழும்பாம்.
மூணு வருஷமாக வீட்டில் அவன் பேரை எடுப்பதில்லையாம்.

பெரிதாக்கிக் காட்டவா என்றேன்.
வேண்டாம் என்றாள். பென் டிரைவை முந்தானையில் முடிந்தாள்.
தாலி கட்டிய இடத்தை அவள் கேட்கவே இல்லை.
கணவன்தான் படியில் பாதி இறங்கித் திரும்பினான்:
"அப்ப, முகூர்த்தம்?"
"குழந்தை அழுதுடுச்சு சார்" என்றான் தனவேலு,
வேறெதுவும் வாயில் வராமல்.

ஆயிரத்தெண்ணூறு ரூபாய். பென் டிரைவ் தனி.
வேலை முடிந்தால் என்னிடமுள்ள நகலை அழித்துவிட வேண்டும்,
அது என் கடைச் சட்டம்.
நோட்டில் தேதி போட்டு, அழிக்கப்பட்டது என்று எழுதினேன்.
தொழில் தெரிந்தவள்.
சிரிக்காமல் கையெழுத்துப் போட்டேன்.